முடியாத சீட்டுகள்

மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அந்த ரயில் விளையாட்டை விரிப்பதற்கு முன்பே மாப்பிள்ளை ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். வரும் வழியில், பேருந்தில், மனைவி கேட்டு வாங்கிய வாக்கு.

“எங்க வீட்ல முடியாத சீட்டுக்குப் புள்ளி கழிக்க மாட்டோம். நாங்க விளையாடற மாதிரியே விளையாடுங்க.”

“அது எப்படி? கழிக்கறதுலதானே அந்த ஆட்டமே இருக்கு.”

“இதுக்குத்தான் முன்கூட்டியே சொல்றேன். ஏன்னு கேக்காதீங்க.”

அவன் சிரித்துக்கொண்டே சரி என்றான். சின்ன விஷயம் என்று நினைத்துச் சொன்ன சரி.

அவன் செயற்கைப் பற்கள் செய்யும் லேப் ஒன்றில் தலைமைத் தொழில்நுட்பன். அங்கே மதிய இடைவேளையில் மேடைமேல் படிந்த பிளாஸ்டர் தூசியைத் துடைத்துவிட்டு இதே விளையாட்டைத்தான் ஆடுவார்கள். ஒரு கற்பனை நாட்டின் வரைபடம். ஊர்களுக்கு இடையே கட்டம் கட்டமாகத் தண்டவாளம். ஒரே நிறத்து அட்டைகளைச் சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பாதையில் உங்கள் பிளாஸ்டிக் ரயில் பெட்டிகளை வரிசையாக வைக்கலாம். ஒரு பெட்டிப் பாதைக்கு ஒரே ஒரு புள்ளி, ஆறு பெட்டிப் பாதைக்குப் பதினைந்து. அதனால் துண்டு துண்டாக ஓடுகிறவனை விட, வாயை மூடிக்கொண்டு அட்டை சேர்த்து நீளமாக ஒன்று போடுகிறவன் மேலே போவான்.

இதற்கு மேல் பயணச்சீட்டு என்று ஒன்று இருக்கிறது. இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு என்று எழுதிய சீட்டை யாருக்கும் காட்டாமல் கையில் வைத்திருக்க வேண்டும். இரண்டு ஊரையும் உங்கள் பெட்டிகளால் இணைத்துவிட்டால் அதிலுள்ள எண் உங்கள் கணக்கில் ஏறும். இணைக்க முடியாமல் போனால் அதே எண் இறங்கும். அதனால் லேபில் யாரும் அளவுக்கு மேல் சீட்டு எடுக்க மாட்டார்கள். அவன் மூன்றுக்கு மேல் எடுத்ததே இல்லை. பெரும்பாலும் அவன்தான் ஜெயிப்பான்.

இந்த முறை அவர்கள் வந்தது மச்சானைக் கூட்டிக்கொண்டு போக. மனைவியின் தம்பி. வீட்டில் அவனுக்கு ‘பாசஞ்சர்’ என்று பெயர். எல்லா ஸ்டேஷனிலும் இறங்கி வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறவன் என்று அவன் சின்னப் பையனாக இருந்தபோது மாமனார் வைத்தது. பிறகு அவன் கல்லூரியைப் பாதியில் விட்டான். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கிற பயிற்சியில் சேர்ந்தான், அதையும் விட்டான். அதன்பின் விளையாட்டு நேரம் தவிர வேறெப்போதும் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. இப்போது அக்காவின் வற்புறுத்தலில், அத்தான் வேலை செய்யும் லேபிலேயே பயிற்சிக்குச் சேர ஒப்புக்கொண்டிருந்தான். அவர்கள் வீட்டிலேயே தங்குவதாக ஏற்பாடு. அவனுடைய பை கட்டித் தயாராக நடையில் நின்றது. மாமியார் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுப் போனாள், எழுந்து ஓடிவிடுமோ என்பதுபோல.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். மாமனார் தையல் மெஷின் பழுதுபார்க்கிறவர். முன்னறையே அவருடைய பட்டறை. கையில் எண்ணெய் ஒட்டாமலிருக்க அட்டைகளை விரல் நுனியால் பிடித்துக்கொண்டார். எங்கே இடைவெளி தெரிகிறதோ அங்கே ஒரு பெட்டியைச் செருகுவதுதான் அவருடைய உத்தி. மாமியார் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர். அவள் நீல அட்டைகளாகச் சேர்த்துக்கொண்டே போனாள், எங்கேயும் இறக்கவில்லை.

“அம்மா பிரிச்சு அடுக்கறதோட சரி, டெலிவரி கிடையாது” என்றான் மச்சான்.

“நீ உன் டிக்கெட்டைப் பாருடா. மறுபடியும் எடுக்கற?”

“எடுக்கக் கூடாதா?”

“எடு, எடு. கவுண்டரையே வாங்கிடு” என்றார் மாமனார். “டேய் பாசஞ்சர், இதெல்லாம் போய்ச் சேர்ற எண்ணம் இருக்கா, இல்ல சும்மா ஊர்ப்பேரு படிக்கறதுக்கா?”

“பேரு நல்லா இருக்குப்பா. உப்பளம். பனிக்கணவாய். எவன் வெச்சானோ.”

மாப்பிள்ளையும் சிரித்தான். சிரித்தபடியே கறுப்பு அட்டைகளைச் சேர்த்தான். வரைபடத்தின் கீழ்க்கோடியில் துறைமுகம், அங்கிருந்து மேலே பனிக்கணவாய் வரை ஒரே கோடாகப் போட்டான். அதற்குப் பக்கத்தில், உப்பளம், பாலம் என்ற இரண்டு ஊர்களுக்கு இடையே இரண்டு பெட்டி இடம் காலியாக இருந்தது. மச்சானின் கண் அந்த இடத்துக்கு அடிக்கடி போய் வந்ததைக் கவனித்தான். அவனுக்கு அந்த இடம் தேவையில்லை, இருந்தும் தன் பெட்டிகளை வைத்து அதை அடைத்தான்.

“ஐயோ அத்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு மச்சான் சுற்று வழியில் போக ஆரம்பித்தான்.

“எங்க வீட்டுக்காரர் இப்படித்தான். இவர்கூட சாலையைக் கடந்தாக்கூட இவருக்கு முன்னாடி போக முடியாது” என்றாள் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். அதுவரை நல்ல மதியமாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளையின் பெட்டிகள் தீர்ந்தன. ஒருவர் பெட்டிகள் தீர்ந்தால் ஆட்டம் முடியும் என்பதால் எல்லோரும் கடைசியாக ஒருமுறை ஆடினார்கள். பிறகு சீட்டுகளைத் திருப்பிக் காட்டும் நேரம். அவனுடைய மூன்றும் முடிந்திருந்தன. மிக நீளமான தொடர் பாதைக்கான பத்துப் புள்ளியும் அவனுக்கே. பலகையின் ஓரத்தில் ஓடும் எண் வரிசையில் அவனுடைய கறுப்புக் காய் எல்லோரையும் தாண்டி நின்றது. கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தான்.

மச்சான் தன் சீட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தான். முடிந்த ஒன்று. இன்னொன்று. அந்தச் சுற்று வழி அவனை அறியாமலே நாலைந்து ஊர்களைத் தொட்டிருந்தது. அவனுடைய மஞ்சள் காய் ஏறிக்கொண்டே வந்து, கறுப்புக் காயைத் தாண்டி, பதினொரு கட்டம் தள்ளிப் போய் நின்றது.

“ஜெயிச்சுட்டான்” என்றாள் மாமியார், தனக்குள் சொல்வதுபோல. மனைவி தம்பியின் தலையைத் தட்டினாள்.

அந்த வீட்டில் ஆட்டம் முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தங்களால் முடியாமல் போன சீட்டை உரக்கப் படிப்பார்கள். படித்ததும் மற்றவர்கள் சேர்ந்து “அடுத்த வண்டி” என்பார்கள். அவ்வளவுதான். சீட்டு பெட்டிக்குள் போய்விடும்.

“கலங்கரையிலேந்து சுரங்கம்” என்று படித்தான் மச்சான்.

“அடுத்த வண்டி.”

“பாலத்துலேந்து ஏரிக்கரை.”

“அடுத்த வண்டி.”

“கோட்டையிலேந்து பனிக்கணவாய். இதுக்கு ஒரே ஒரு பெட்டிதான் குறைஞ்சுது.”

“அடுத்த வண்டிடா, அடுத்த வண்டி” என்றார் மாமனார்.

மாப்பிள்ளையும் கூடவே சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் அவன் பார்த்தது சீட்டின் மூலையிலிருந்த எண்ணை. எட்டு. ஒன்பது. பதிமூன்று. முப்பது. பதினொன்று போனால் பத்தொன்பது. பத்தொன்பது புள்ளியில் அவன் ஜெயிக்க வேண்டிய ஆட்டம். கூட்டல் முடிந்த பிறகு ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, அப்போதுதான் தோன்றியதுபோலக் கேட்டான்:

“ஆமா, முடியாத சீட்டுக்கு இங்க என்ன பண்ணுவீங்க?”

மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒண்ணும் பண்ண மாட்டோம் அத்தான்” என்றான் மச்சான்.

“இல்ல, கழிக்கணும்ல. அதான் விதி. நாங்க லேப்ல அப்படித்தான்…”

சொல்லிக்கொண்டே மாமனாரைப் பார்த்தான். எதற்காக அவரைப் பார்த்தான் என்பதும் அவனுக்குத் தெரியும். மகளைக் கட்டியவன், நாளை மகனையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறவன் சொல்லை அவர் மறுக்க மாட்டார்.

மாமனார் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். “மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும். கழிச்சுடுடா.”

“அப்பா” என்றாள் மனைவி.

“பரவாயில்லக்கா” என்று மச்சான் சீட்டுகளைப் பெட்டியிலிருந்து மறுபடி எடுத்தான். மஞ்சள் காயைத் தூக்கிக் கொண்டுபோய் வைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் கட்டம் கட்டமாகப் பின்னால் நகர்த்தினான், ஒவ்வொன்றிலும் காய் பலகையைத் தொடும் சத்தம் கேட்டது. கறுப்பைத் தாண்டிக் கீழே போனது. அம்மாவின் காய்க்குப் பக்கத்தில் போய் நின்றது.

யாராவது ஏதாவது பேசியிருந்தால் மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டிருந்திருப்பான். யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தில் தன் பக்கம் நியாயம் இருப்பதாகக் காட்ட வேண்டியிருந்தது.

“இல்லன்னா என்ன ஆகும்? யார் வேணா கையில கிடைச்சதையெல்லாம் எடுத்துக்கிட்டு, ஒண்ணையும் முடிக்காம விட்டுட்டுப் போயிடலாமே.”

வார்த்தை வெளியே வந்து மேஜைமேல் உட்கார்ந்த பிறகுதான் அது யாரைப் போய்ச் சேர்ந்தது என்று அவனுக்குத் தெரிந்தது. மாமியார் எழுந்து டீ போடப் போனாள். யாரும் டீ கேட்டிருக்கவில்லை. மாமனார் பிளாஸ்டிக் பெட்டிகளை நிறவாரியாகப் பிரிக்கத் தொடங்கினார். மச்சான் அவருக்கு உதவினான், ஒரு பெட்டி கீழே விழுந்தபோது மாப்பிள்ளையின் காலுக்கடியில் குனிந்து எடுத்துக்கொண்டு, “காலை நகர்த்த வேணாம் அத்தான், கிடைச்சுடுச்சு” என்றான்.

சாயங்காலம் மாப்பிள்ளை மாடியறையில் படுத்திருந்தான். தூங்கவில்லை. நடையில் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அலமாரிக் கதவு. கொஞ்சம் கழித்துத் தண்ணீர் குடிக்கலாம் என்று இறங்கியவன் சமையலறைக்கு வெளியே நின்றுவிட்டான். உள்ளே மாமியார் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள்.

“சட்டையெல்லாம் எடுத்துத் திரும்ப உள்ள வெச்சுட்டான். கேட்டா, யோசிக்கணும்ங்கறான்.”

“அவர் மனசுல ஒண்ணும் வெச்சுக்கிட்டுச் சொல்லலம்மா” என்றாள் மனைவி. “அவரோட வேலையே அப்படி. மயிரிழை பிசகினாலும் பல்லு உக்காராது. அதான் எதுலயும் விதின்னா விதிதான். வீட்லயும் அப்படித்தான், துண்டைக்கூட அதுக்குண்டான கொக்கியிலதான் மாட்டணும். ஜெயிக்கறதுக்காகச் சொல்ற ஆள் இல்ல.”

“நாங்க ஒண்ணும் தப்பாச் சொல்லலயே. மாப்பிள்ளை சொன்னது சரிதானே.”

“நீயும் அப்படிச் சொல்லாத. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டார்.”

பேருந்தில் அவனிடம் வாங்கிய வாக்கை அவள் தாயிடமிருந்து மறைத்துவிட்டாள். அவன் தண்ணீர் குடிக்காமலே திரும்பி முன்னறைக்குப் போனான்.

மச்சான் பட்டறையில் ஒரு தையல் மெஷினின் அடிப்பாகத்தைக் கவிழ்த்து வைத்து, பழைய எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அப்பாவின் வேலை. நிமிர்ந்து பார்த்து, ஸ்டூலைக் காலால் நகர்த்திக் கொடுத்தான்.

மாப்பிள்ளை உட்காரவில்லை. துணி இரும்பில் உராயும் சத்தம் மட்டும். தெருவில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

“பையைப் பிரிச்சுட்டியாமே மச்சான்.”

“ஆமா அத்தான்.”

“நான் தெரியாம கேக்கல.” ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். “கழிக்க மாட்டீங்கன்னு உங்க அக்கா முன்னாடியே சொல்லிட்டா. நீ சீட்டு படிக்கறப்போ நான் எண்ணிட்டே வந்தேன். கழிச்சா நான்தான் ஜெயிப்பேன்னு தெரிஞ்ச பிறகுதான் கேட்டேன்.”

“தெரியும்” என்றான் மச்சான்.

“என்ன தெரியும்?”

“நீங்க எண்ணினது. உங்க கட்டைவிரல் மத்த விரல் கணுவைத் தொட்டுத் தொட்டுப் போய்ட்டு இருந்துச்சு. அம்மா லாண்டரியில போர்வை எண்ணறப்போ அப்படித்தான் போகும்.” துணியை மடித்துப் பிசுக்கில்லாத பக்கத்தை எடுத்தான். “அந்த விதி எங்களுக்கும் தெரியும் அத்தான். பழைய சாமான் கடையில வாங்கினப்போ பெட்டியில விதித் தாள் இல்ல. அக்கா அப்புறம் எங்கேயோ படிச்சுட்டு வந்து சொன்னா. நான் காலேஜை விட்ட சமயம் அது. அப்பாதான், நம்ம வீட்ல இப்படியே இருக்கட்டும்னாரு.”

மாமனார் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம் மாப்பிள்ளைக்கு இப்போது விளங்கியது. அவர் யோசித்தது விதியை அல்ல, மகனை.

“அப்போ நீ ஏன் ஒண்ணும் சொல்லல?”

“என்னத்தைச் சொல்ல? அக்கா எதிர்ல உக்காந்திருந்தா.”

“கடைசியா ஒண்ணு சொன்னேனே, முடிக்காம விடறதுன்னு. அது உன்னை நெனச்சு சொல்லல.”

சொல்லும்போதே அது உண்மையா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது. ஒரு நொடி கூட நினைக்காமலா அந்த வார்த்தைகள் அவ்வளவு பொருத்தமாக வரிசையில் வந்து நின்றன?

மச்சான் லேசாகச் சிரித்தான். “அதை விடுங்க. ரெண்டை விட்டவன்தான் நான். நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? கழிச்சதுகூடப் பரவாயில்ல. ஆனா நான் உங்ககிட்ட வேலை கத்துக்கணும்ல. பிளாஸ்டர்ல அச்சு ஊத்தணும். அச்சுல காத்துக் குமிழி வரும், ஒடைப்பேன், திரும்ப ஊத்துவேன். ஒவ்வொரு தடவையும் என் கையைப் பாக்க மாட்டேன் அத்தான். உங்க கையைத்தான் பாத்துட்டிருப்பேன், விரல் நகருதான்னு. அப்புறம் எங்க கத்துக்கறது?”

மாப்பிள்ளை தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். கொண்டுபோன பிறகுதான் அதை உணர்ந்தான்.

“இனிமே அப்படி இருக்காதுன்னு நான் சொன்னா?”

“சொல்லுவீங்க. உங்களுக்கே தெரியாம நகரும்.” அவன் குரலில் கோபமே இல்லை. மெஷினை நிமிர்த்தி வைத்து, சக்கரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். “அக்காகிட்ட எதுவும் சொல்ல வேணாம். அந்த ஊர்க் குளிர் எனக்கு ஒத்துக்காதுன்னு நானே ஏதாவது சொல்லிடறேன். அவ உங்களைப் பத்தி நல்லபடியா நெனச்சுட்டு இருக்கா. அப்படியே இருக்கட்டும்.”

மாப்பிள்ளை நடைக்கு வந்தான். பை சுவரோரம் தட்டையாகக் கிடந்தது. சமையலறையில் விளக்குப் போட்டிருந்தார்கள். மாமனார் ரொட்டி வாங்கிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். மூன்று பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னங்க சொன்னான்?” என்று கேட்டாள் மனைவி.

குளிர் ஒத்துக்காதாம் என்று சொன்னால் போதும். எல்லாம் சரியாகிவிடும். அவளுக்கு வருத்தம் தம்பிமேல் போகும், மறுபடியும் ஒன்றை விட்டுவிட்டான் என்று. மூன்றாவது. அவர்கள் அதை வழக்கம்போல அன்பாகவே ஏற்றுக்கொள்வார்கள். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

“அவன் மேல தப்பில்ல” என்றான். “நான் எண்ணிட்டுத்தான் கேட்டேன்.”

“எதை மாப்பிள்ளை?” என்றார் மாமனார். உண்மையிலேயே புரியாமல் கேட்டாரா, மாப்பிள்ளை பின்வாங்க ஒரு வழி விட்டாரா என்று தெரியவில்லை.

அவன் விளக்க வேண்டியிருந்தது. எட்டையும் ஒன்பதையும் பதிமூன்றையும் கூட்டியதை, பதினொன்றைக் கழித்ததை, அதன்பிறகு பிஸ்கட்டை எடுத்ததை. சொல்லச் சொல்ல அது எவ்வளவு அற்பமானது என்பது அவனுக்கே கேட்டது. ஒரு பிளாஸ்டிக் காய் முன்னால் நிற்க வேண்டும் என்பதற்காக. மாமியார் மடித்த துண்டையே மறுபடி பிரித்து மடித்தாள்.

“இப்பத்தான் உங்களுக்காக அம்மாகிட்டப் பேசினேன்” என்றாள் மனைவி.

“கேட்டேன். வெளியதான் நின்னுட்டிருந்தேன்.”

அவள் அவனைச் சுற்றிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். பட்டறையில் அக்காவும் தம்பியும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது, வார்த்தைகள் பிடிபடவில்லை. ஒருமுறை மச்சான் எதற்கோ சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“விளையாட்டுதானே மாப்பிள்ளை. உக்காருங்க” என்றார் மாமனார்.

அவன் உட்கார்ந்தான். ரொட்டியின் முதல் துண்டு அவன் தட்டுக்குத்தான் வந்தது.

மனைவி திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள். “அவன் இப்போ வரல. நானும் ரெண்டு நாள் இங்க இருந்துட்டு வரேன். நீங்க காலையில கிளம்புங்க, லேபுக்கு லீவு இல்லல்ல.”

“சரி.”

“நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் வரேன்” என்றார் மாமனார்.

“வேணாம் மாமா. நானே போய்க்கறேன்.”

“அது எப்படி. எங்க வீட்டு மாப்பிள்ளையைத் தனியா அனுப்பிட்டு நாங்க உள்ள உக்காந்திருப்போமா? நல்லா இருக்கே.” அவர் வெண்ணெய்க் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளி வைத்தார். “பை கனமா இருக்குமா? சொல்லுங்க, நான் தூக்கிக்கறேன்.”

அவன் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், கனமில்லை என்று தலையாட்டினான்.